பந்தலுக்குப் போன கிணற்றுத் தண்ணீர்

தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர் காட்டை ஒட்டி ரோடு போட்ட காலத்தில், நான் ஒரு குத்தகையாளரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். எண்பதுகளின் பிற்பகுதி. தீவுக்குப் பாலம் வந்து, லாரிகள் ஃபெர்ரிக்கு வரிசையில் காத்துக் கிடப்பது குறைந்திருந்த நேரம். ரோடு என்றால் தார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது பாதிக்கு மேல் தண்ணீர் வேலை. செம்மண்ணைக் கொட்டி, அளவாக நனைத்து ரோலர் விட்டால்தான் இறுகும். காய்ந்த மண்மேல் நாளெல்லாம் ரோலர் ஓடினாலும் வீண். புழுதி அடங்கவும் தண்ணீர் அடிக்க வேண்டும்.

அதற்காக முதலாளி சைட்டிலேயே ஆழமாகக் கிணறு போட்டு பம்பு வைத்தார். கெப்பாலா பத்தாஸ் மாவட்ட ஆப்பீஸிலிருந்து வந்த அதிகாரி அனுமதி கொடுக்கும்போது எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்து இரண்டு விஷயம் சொன்னார். இந்தத் தண்ணீரை ரோட்டு வேலையைத் தவிர வேறெதற்கும் நாங்கள் எடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் கிணறு இறங்கினால் பம்பை நிறுத்தி, அந்த வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். முதலாளி இரண்டுக்கும் பலமாகத் தலையாட்டினார். காதில் நின்றது முதலாவது மட்டும்.

பக்கத்து வீடு என்று இருந்ததே ஒன்றுதான். ஓர் அக்கா தனியாக நான்கு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்து வந்தார். தை மாதம் அங்கே வறட்சி. பம்பு ஓட ஓட அவர் கிணறு சேறாகிவிட்டது. ஒரு காலையில் இரண்டு வாளியோடு வந்து நின்றார்.

“தம்பி, மாட்டுக்கு மட்டும் கொஞ்சம் தண்ணி கொடுங்க லா. மடி வத்திப் போச்சு.”

நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

“ரோட்டு வேலைக்கு மட்டும்னு ஆப்பீசர் சொன்னார்ல? இல்லைன்னு சொல்லிடு.”

“கிணறு இறங்கினா பம்பை நிறுத்தணும்னும் சொன்னாரே, முதலாளி.”

“நிறுத்தினா ரோலர் நிக்கும். அப்புறம் நீயும் நானும் வீட்டுல உக்கார வேண்டியதுதான்.”

திரும்பி வந்து, “தண்ணி இல்லக்கா” என்று சொன்னேன். முதலாளிமேல் எனக்கு அப்படி ஓர் எரிச்சல். பம்பு என் முதுகுக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இதை வைத்து முதலாளியைக் கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் தீவில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் ரோட்டில் பந்தல் போடுவார். காவடி எடுப்பவர்கள் பாதத்தில் ஊற்ற, கை கால் கழுவ, காய்ச்சி ஆறவைத்துச் சர்பத் கலக்க, எல்லாம் அவர் செலவு. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் ஒழுகும். அதனால் அந்த வருஷம் ஒரு புது லாரித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, சைட் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, பாலம் தாண்டிக் கொண்டுவந்து பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். முருகனுக்கு என்றால் ஆப்பீசர் சொன்னது மறந்துவிடும் போலிருக்கிறது.

வெயில் ஏறும் நேரத்தில் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு அந்த அக்கா வந்தார். தலையில் பால்குடம். சுற்றிலும் எல்லாரும் பால்குடத்தோடு போய்க்கொண்டிருந்ததால் எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அவர் நேராகப் பந்தலுக்குள் வந்து குடத்தை இறக்கி, வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். குடம் காலி.

முதலாளிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. கும்பிட்டு, “வாங்கக்கா, சர்பத் குடிங்க” என்றார்.

“வருஷா வருஷம் என் மாட்டுப் பாலைத்தான் தூக்குவேன், அண்ணே. கடைப் பால் தூக்கினதில்ல. இந்த வருஷம் மாட்டுக்குத் தண்ணி இல்ல, பாலும் இல்ல. நேத்து இந்த லாரி ரொப்பிக்கிட்டு என் வாசல் வழியாத்தான் போச்சு. என் கெணத்துத் தண்ணிதானே. அதையே ஊத்துங்க, தூக்கிட்டுப் போறேன்.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். சைட் பக்கத்து வீட்டு அக்காதான் என்று தலையாட்டினேன். அவரே செம்பை எடுத்து, தொட்டிக் குழாயில் பிடித்துப் பிடித்துக் குடத்தை நிரப்பினார். அக்கா துணியைக் கட்டி, குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தோடு சேர்ந்தார். அத்தனை பாலுக்கு நடுவில் அந்தத் தண்ணீர் மலையேறிப் போவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி டிரைவரைக் கூப்பிட்டார். “லாரிய எடு. நேரா அந்த மாட்டுக் கொட்டாய்க்குப் போ.” பிறகு என்னிடம், “நாளைக்குப் பம்பைப் போடாத. ரோலர் நிக்கட்டும்” என்றார்.

லாரி போய்விட்டது. கலக்கி வைத்திருந்த சர்பத்தும் சீக்கிரமே தீர்ந்தது. தாகத்தோடு வந்தவர்கள் பந்தலில் கை நீட்டினார்கள். பதில் சொல்ல நான் முன்னால் போனேன். முதலாளி என்னைக் கையமர்த்திவிட்டு, வருகிற ஒவ்வொருவரையும் தாமே கும்பிட்டுச் சொல்லிக்கொண்டு நின்றார்.

“தண்ணி இல்லம்மா. தண்ணி இல்ல.”