இரண்டாவது நகர்த்தலில் போன மந்திரி

டிரைவருக்குச் சதுரங்கத்தில் ஒரே ஒரு தொடக்கம்தான் தெரியும். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். அடுத்ததாக மந்திரியை வெளியே கொண்டுவந்து நிறுத்துவார். எதிராளி என்ன ஆடினாலும் அதேதான். டிப்போவிலிருந்து பஸ்ஸை எடுக்கிறவர் முதல் இரண்டு திருப்பத்துக்கு யோசிப்பாரா?

அன்று இறுதிச் சுற்று. வென்றால் வெளியூர்ப் போட்டிக்குப் போகலாம். வருஷா வருஷம் இந்தச் சுற்றில் தோற்றுத் திரும்பியவர் அவர். இந்தத் தடவை போயே தீருவது என்று லீவுகூடச் சொல்லிவைத்திருந்தார். ஆனால் காலை ஷிப்டை முடித்துவிட்டு நேராக வந்திருந்ததால், மணல் விழுந்ததுபோலக் கண் உறுத்தியது.

எதிரே உட்கார்ந்தவன் மனைவியின் தம்பி. சலூன் வைத்திருப்பவன். கத்தரிக்கோலைவிட அவன் வாய் வேகம்.

“என்ன மாமா, அக்கா திட்டினா முழிக்கிற மாதிரியே முழிக்கிறீங்க?”

“கழுத்துல கத்திய வச்சுக்கிட்டுப் பேசுறதெல்லாம் உன் கடையோட இருக்கட்டும் மாப்ளே. ஆடு.”

டிரைவர் சிப்பாயைத் தள்ளிக் கடிகாரத்தை அமுக்கினார். மச்சினன் அவரிடம் இதுவரை ஆடாததை ஆடினான். தன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, வெட்டிக்கொள் என்று சும்மா நீட்டினான். டிரைவர் அதைப் பார்க்கவே இல்லை. கை தன்பாட்டுக்கு மந்திரியை எடுத்து வழக்கமான கட்டத்தில் வைத்தது. சரியாக அந்தச் சிப்பாய் வெட்டுகிற இடத்தில்.

வைத்த பிறகுதான் தெரிந்தது.

மச்சினன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினான். “மாமா, நடுவர் அந்தப் பக்கம் திரும்பியிருக்காரு. எடுத்து வச்சுருங்க. நான் பாக்கல.”

“போடா. வச்சது வச்சதுதான். வெட்டு.”

ஒரு மந்திரி குறைவாகவே சாயங்காலம்வரை இழுத்தார். நடுவில் குதிரையை வைத்து மச்சினனுக்கு வியர்க்கக்கூட வைத்தார். அதற்குமேல் முடியவில்லை. தன் ராஜாவைத் தானே சாய்த்துவிட்டுக் கை கொடுத்தார்.

“வெளியூர்ல போய் மானத்த வாங்காத மாப்ளே. நல்லாத் தூங்கிட்டுப் போய் உக்காரு.”

“நீங்க மொதல்ல வீட்டுக்குப் போய்த் தூங்குங்க மாமா.”

பஸ் ஏறி, ஜன்னலில் தலை சாய்த்ததுதான் அவருக்குத் தெரியும். யாரோ தோளை உலுக்கினார்கள். வீட்டு நிறுத்தம் எப்போதோ தாண்டி, பஸ் டிப்போவுக்குள் நின்றிருந்தது.

“என்னண்ணே, அடுத்த ஷிப்டுக்கும் வந்துட்டீங்களா?” என்றார் கண்டக்டர்.

“இல்லப்பா. அசந்துட்டேன்.”

இறங்கி நின்று கொட்டாவி விட்டார். பிறகு, வந்ததுதான் வந்தோம், அந்த லீவு வேண்டாமென்று சொல்லிவிட்டே போகலாம் என்று மேலாளர் அறையை நோக்கி நடந்தார்.