கொள்ளு தின்ற கார்

என் டாக்சியை மாயாண்டியின் டாக்சி தினமும் முந்தும். "ஏலே, இறங்கித் தள்ளு!" என்று கத்திக்கொண்டே போவான்.

பழிவாங்க, காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, முன்புறக் குளிர்காற்று நேரே இன்ஜினுக்குள் போகத் தகரக் குழாய் மாட்டினேன். வண்டி பறந்தது. தாடிக்கொம்பு ரோட்டில் அவனை முந்தினேன்.

அங்கே, வண்டிகள் ஏறி மணி உதிரட்டுமென்று கொள்ளுச்செடியைச் சாலையில் பரப்பியிருந்தார்கள். குழாய் சருகையெல்லாம் உறிஞ்சியது. இன்ஜின் இருமி, புகை கக்கி நின்றது. "தீ! தீ!" என்று அலறிக் குதித்து வரப்பில் குப்புற விழுந்தேன். தீயே இல்லை.

"பெட்ரோல்ல அழுக்கு" என்று புளுகினேன். மாயாண்டி சிரித்தபடி கயிறு கட்டி நாகல் நகர்வரை இழுத்து வந்தான். பிறகு முன்னால் நீட்டியிருந்த குழாயைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்: "ஆனா அப்பு, அம்புட்டு வேகம்! அந்தக் குழாய எனக்கும் மாட்டிவிடேன்."

மாட்டிவிட்டேன். சருகைப் பற்றி மூச்சு விடவில்லை. கொள்ளு அறுவடை அப்போதுதான் தொடங்கியிருந்தது.

என்னை யாராவது நல்லவன் என்றால், இன்றும் அந்தக் குழாய்தான் நினைவுக்கு வருகிறது.