முத்தம்மாளின் தார்ப்பாய்

எங்கள் ஊர் கமுதிப் பக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், அன்பு, நீடிய பொறுமை, தயவு, சாந்தம் என்று வேத வசனம் சொல்லும் ஆவியின் கனிகள் ஒன்பதையும் பிசகாமல் ஒப்பித்தேன். போதகர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். ஆராதனை முடியும்போது திடீரென்று மழை பிடித்தது. களத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தேன். ஓடினேன்.

என் மிளகாயைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கல் வைத்துக்கொண்டிருந்தாள் பக்கத்துக் களத்து முத்தம்மாள். வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. குவியல் சின்னதாகத் தெரிந்தது. என் வாய் முந்திக்கொண்டது.

"எம்புட்டு அள்ளுன? ஆளில்லாத நேரம் பாத்து வந்துட்டியாக்கும்!"

அவள் நிமிர்ந்தாள். சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"உங்க களம் பள்ளம்க்கா. தண்ணி மொதல்ல இங்கனதான் வரும். இத மூடிட்டு எங்களத அள்ளலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள வலுத்துருச்சு."

அப்போதுதான் அவள் களத்தைப் பார்த்தேன். மிளகாய் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. என் குவியலை மூடியிருந்த தார்ப்பாயும் அவளுடையதுதான்.

அவள் மிளகாய் கறுத்துப்போனது. வியாபாரி கையால்கூடத் தொடவில்லை. அடுத்த மாதமே வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போனார்கள். பஸ் ஏறும்வரை எதிரில்தான் நின்றேன். "மன்னிச்சுக்க" என்று ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. தார்ப்பாய் இன்னும் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. சபையில் இப்போதும் அந்த வசனத்தை என்னைத்தான் சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறேன். ஒரு வார்த்தைகூடப் பிசகுவதில்லை.