ஆடினவன் கல்நெஞ்சக்காரனாம்!

பத்தாவது படிக்கிற என் பொண்ணு, இனிமேல் தமிழ் வகுப்புக்கே போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். காரணம் கேட்க இன்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

பாடத்தில் ஒரு கதையாம். செத்துப்போன அண்ணனைத் தூக்கிப்போகும்போது, தம்பி மேளத்துக்கு ஆடிக்கொண்டே போகிறான். அவன் எப்படிப்பட்டவன் என்பது கேள்வி.

“துக்கம் தாங்காமல் ஆடுகிறான்” என்று எழுதியிருக்கிறாள் பொண்ணு. டீச்சர் அதை அடித்துவிட்டு, வகுப்புக்கே படித்துக்காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறார்.

“கல்நெஞ்சக்காரன்னுதான் எழுதணும் சார். துக்கம் இருக்கிறவன் ஆடுவானா?” என்றார்.

“இன்னா டீச்சர் இப்டி சொல்ட்ட? எங்க அண்ணன் சாவுக்கு வூட்லேர்ந்து சுடுகாடு வரைக்கும் ஆடினவன் நானு. நான் கல்நெஞ்சக்காரனா?”

“உங்க வீட்டு விஷயம் வேற, பாடம் வேற சார்.”

எப்படி வேறாகும்? மனுஷன் படுகிற பாட்டைச் சொல்லத்தானே கதை? அதைக் கண்ணால் பார்த்த பிள்ளை எழுதினால் சிரிப்பீர்களா? ஊரையே கிண்டல் பண்ணுகிற என் வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது. பொண்ணு முகத்துக்காக விழுங்கினேன்.

அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், டோல்கேட் சிக்னலில் வண்டி நின்றபோது பின்னாலிருந்து கேட்டாள்.

“நைனா, பெரியப்பாவுக்கு நீ அழுதுகினேதான ஆடின? நான் பாத்தேனே.”

“ஆமா கண்ணு. நீ எழுதினதுதான் கரெக்டு. நாளைக்குப் போயி மொத பெஞ்சுல குந்து.”

தோஸ்துகளே, நான் சுடுகாட்டுக்குப் போய்ச் சேரும்போது அந்த டீச்சருக்கும் சொல்லி அனுப்புங்கள். ஆடப்போகும் கல்நெஞ்சக்காரர்கள் இப்போதே கீழே கமெண்ட்டில் பெயர் கொடுங்கள்.