சிங்கிளா, டபுள்ஸா?

எங்கள் ஸ்கூட்டரின் பின்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிய ஆரம்பித்தபோது என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "முன்னாடி இருந்த மாதிரியே வாங்கிப் போடுங்க. அது நல்லாத்தானே இருந்துச்சு." அவள் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவுக்கு அங்கே ராணுவத் தொழிற்சாலையில் வேலை. பக்கத்து வீடு திருநெல்வேலி, எதிர்வீடு சேலம் என்று கலந்து கட்டி வளர்ந்ததால், என்னைப்போல் 'இன்னா', 'கீது' எல்லாம் அவள் வாயில் வராது. எதையும் ஒரு தடவைதான் சொல்வாள். நான் கேட்டிருக்கலாம்.

ஆனால் அதற்குள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவன் தன் ஸ்கூட்டருக்கு வெளிக் கம்பெனி ஷாக் ஒன்றை மாட்டியிருந்தான். மஞ்சள் ஸ்பிரிங், அதன் தலையில் சின்னதாக ஒரு சிவப்பு டப்பா. டப்பாவுக்குள் காஸ் அடைத்திருக்குமாம். "ஒரு ரவுண்டு போய்ட்டு வா மாமே, வண்டி மெதக்குது பாரு" என்று சாவியைக் கொடுத்தான். போனேன். லாரிகள் குதறிப்போட்ட எஸ்டேட் ரோட்டில் வண்டி நிஜமாகவே மிதந்தது. அன்றிலிருந்து போனைத் திறந்தால் ஷாக் வீடியோதான். எந்தக் கம்பெனி, என்ன நீளம், மஞ்சளா சிவப்பா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இத்தனை விசாரித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவேற்காடு கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே குமணன்சாவடியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வண்டியை விட்டேன். கடைக்குள் கிரீஸ் நாற்றம் தாங்காது என்று அவள் எதிர்ப்பக்கம் கொய்யாப்பழ வண்டிக்குப் போய்விட்டாள். வீடியோவில் பார்த்த அதே மஞ்சள் ஸ்பிரிங் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டேன். கடைக்காரர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கொடுக்காமல் நின்றார்.

"சிங்கிளா, டபுள்ஸா அண்ணாத்தே?"

வண்டியில் ஒருவர் மட்டும் போனால் சிங்கிள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் டபுள்ஸ். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

"ஏன் கேக்கறே?"

"இது ஸ்பிரிங்கு சாஃப்ட்டு. ஒத்த ஆளுக்கு மெத்தை மாரி இருக்கும். டபுள்ஸ் போனா அடி வாங்கும். டெய்லி ரெண்டு பேர் போறதுன்னா அந்தக் கறுப்பு எட்துக்கோ. பாக்க சுமாராத்தான் கீது, ஆனா தாங்கும்."

கறுப்பைப் பார்த்தேன். கழற்றிப் போடப்போகிற பழைய ஷாக்கின் கூடப்பிறந்த தம்பி மாதிரி இருந்தது. தினமும் காலையில் மேனாம்பேடு வீட்டிலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு போய், அவள் வேலை செய்யும் தையல் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுத்தான் நான் என் வேலைக்குப் போவேன். சாயங்காலமும் அப்படியே. எங்கள் வண்டி சிங்கிளாகப் போகிற தூரம் எஸ்டேட்டுக்குள் நாலு தெரு. அந்த நேரத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் கொய்யாவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பழுத்தும் பழுக்காத காய்வெட்டாக இருந்தால்தான் பிடிக்கும் என்று அப்படித் தேடுவாள்.

"சிங்கிள்தான்" என்றேன். கோயிலில் நெற்றியில் வைத்த குங்குமம்கூடக் கலையவில்லை.

கடை வாசலிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். அவள் பழத்தோடு வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஹெல்மெட் பக்கிளைப் பார்த்தேன். "பாத்து, மெதுவாப் போ அண்ணாத்தே" என்று மட்டும் சொன்னார்.

முதல் வேகத்தடையிலேயே அடியில் 'டங்' என்றது. "என்னங்க சத்தம்?" என்றாள். "புதுசு இல்ல, செட்டாவணும்" என்றேன். செட்டாகவில்லை. எங்கள் தெருவைக் குழாய் போடத் தோண்டுவார்கள், மூடுவார்கள், மூடின இடத்தையே மறுபடி தோண்டுவார்கள். ஒவ்வொரு மேட்டிலும் டங், டங். வண்டி கழுவுகிற சாக்கில் ஸ்பானரை வைத்து ஸ்பிரிங்கை இறுக்குகிற வளையத்தைக் கடைசிவரை திருகியும் பார்த்தேன். அப்போதும் அடி வாங்கியது.

ஒருநாள் காலையில் தெருமுனை வேகத்தடையில் பெரிதாக ஒரு டங். அவள் கேட்டாள். "நான் வெயிட் போட்டுட்டேனாங்க?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வண்டியை ஓரங்கட்டி, தப்பு உன் மேல் இல்லை, ஸ்பிரிங் மேல் என்று ஒரு வார்த்தை. நான் சிரித்தேன். "இன்னா பண்றது, நம்ம ஊட்டுச் சாப்பாடு அப்டி" என்றேன். அவளும் சிரித்தாள். கேலி முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று இரவு எனக்குச் சோறு போட்டுவிட்டு, அவள் தட்டில் வெள்ளரிக்காயை நறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இன்னா இது?" என்றேன். "சும்மாதான்." மறுநாளும் சும்மாதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்தது அவள் சாப்பிடாமல் விட்ட சோற்றில்.

அதைவிட இன்னொன்று. மேடு வருவது தெரிந்ததும், பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால்மிதியை ஊன்றி, சீட்டிலிருந்து லேசாக எழும்புவாள். வண்டி மேட்டைத் தாண்டியதும் உட்காருவாள். முட்டி வலிக்கு எண்ணெய் தடவுகிறவள். கண்ணாடியில் அவள் முகம் மேலே போய்க் கீழே வருவதைப் பார்ப்பேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியுமா?

கடைசியில் அவளே முடிவு கட்டினாள். "நான் ஷேர் ஆட்டோல போய்க்கறேன். நீங்க சிங்கிளாவே போங்க. ஆசைப்பட்டுப் போட்டிருக்கீங்க, கெட்டுப்போயிடப் போகுது."

கடையில் நான் சொன்ன அதே வார்த்தை. அவள் அதைக் கேட்டிருக்க வழியே இல்லை. ஊரில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனாலும் அதைக் கேட்டதும் சாவியைத் தேடுகிற சாக்கில் எழுந்து போனேன்.

தனியாகப் போனேன். வண்டி மிதந்தது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, மெத்தைதான். ஒருநாள் சிக்னலில் என் பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவில் அவள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பை, ஒரு கை கம்பியில். என்னைப் பார்த்ததும் கையை எடுத்து ஆட்டினாள். என் பின்சீட் காலியாக இருந்தது. அப்படி ஒரு கேவலத்தை நான் என் வாழ்க்கையில் உணர்ந்ததில்லை.

சொல்லாததற்குக் காரணம் ஒன்றுதான். சொன்னால், "சிங்கிள்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்பாள். ஒரு தடவைதான் கேட்பாள்.

கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டுக் குமணன்சாவடிக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும், "இன்னா அண்ணாத்தே, டபுள்ஸ் ஆயிட்டியா?" என்று சிரித்தார். கறுப்பை எடுக்கப் போனவரைத் தடுத்தேன். கறுப்பை மாட்டிக்கொண்டு போனால் வீட்டில் கேள்வி வரும். "மஞ்சள்லயே ஹார்ட் ஸ்பிரிங்கு கீதா?" என்று கேட்டேன். இருந்தது. அந்த வாரம்தான் வந்ததாம். அதே மஞ்சள், அதே சிவப்பு டப்பா. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. திருந்தப் போன இடத்திலும் திருட்டுப் புத்தி போகவில்லை.

மறுநாள் காலையில், "இன்னிக்கு ஒரு நாள் என்கூட வா" என்று வற்புறுத்தி ஏற்றிக்கொண்டேன். தெருமுனை வேகத்தடை வந்தது. பின்னால் அவள் எழும்பினாள், உட்கார்ந்தாள். சத்தம் இல்லை. அடுத்த மேட்டில் துணிந்து உட்கார்ந்தே வந்தாள். அங்கேயும் சத்தம் இல்லை. சட்டென்று என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

"பாத்தீங்களா! நான் இளைச்சுட்டேன்!"

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். குவார்ட்டர்ஸ் கபடிக் குழுவில் கோப்பை வாங்கியபோது எடுத்த போட்டோவில்தான் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். "ராத்திரி சோறு விட்டது வீண் போகலைங்க" என்றாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பும் போயிருக்கும்.

"ஆமா" என்றேன்.

இப்போது தினமும் டபுள்ஸ்தான். இரவில் எனக்குச் சோறு, அவளுக்கு வெள்ளரிக்காய். போதும், நல்லா சாப்பிடு என்றால், "மறுபடி டங்குன்னு சத்தம் வரவா?" என்கிறாள். தெருமுனை வேகத்தடை பக்கத்தில் வரும்போது, இன்றும் என் பின்னால் சீட் லேசாகிறது. அந்த மேட்டை மட்டும் நான் சிங்கிளாகவே தாண்டுகிறேன். "இனிமே எழும்பாதே, உக்காரு" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"இருக்கட்டுங்க. வண்டி பாவம்" என்கிறாள்.