பணி வரலாற்றில் சேராத இரண்டு நாள்

கரையோரக் காவலுக்கென்று கட்டி, இப்போது பணி ஓய்வு பெறும் அந்தப் பழைய போர்க்கப்பலுக்குப் போர்ட் பிளேரில் வழியனுப்பு விழா வைத்தார்கள். அதன் பணி வரலாற்றைத் தட்டச்சு செய்யும் வேலை, கடற்படை அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த என் மேசைக்கு வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சுனாமி வருஷம், சின்னப் பெண்ணாக, கட்சால் தீவிலிருந்து நான் அந்தக் கப்பலில் வந்தவள்.

வரலாறு நாலு பக்கம். திருட்டு மீன்பிடிப் படகுகளை மடக்கியது, புயலில் தீவுகளுக்கு அரிசி கொண்டுபோனது எல்லாம் இருந்தது. பீரங்கி ஒத்திகையைத் தவிர ஒருநாளும் சுடவில்லை என்பதைக்கூட ஒளிக்கவில்லை. சுனாமிக்கு ஒரே வரி: கட்சாலில் பாதிக்கப்பட்டவர்களை மீட்டு வந்தது.

டெய்ரி ஃபார்ம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தது என் தப்பு. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“மீட்டு வந்துச்சா? நாங்க சும்மா ஒக்காந்து வரல புள்ள. ரெண்டு நாள் அந்தக் கப்பலுக்கே ஆக்கிப் போட்டது யாரு? ஒங்க ஆபீஸ் சாப்கிட்ட சொல்லி எழுதச் சொல்லு.”

உண்மைதான். நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்து லயங்கள், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசைகள், கடலோடு போயிருந்தன. கப்பல் அணையும் ஜெட்டியும் மிச்சமில்லை. ஆட்களை ஏற்றிவரக் கப்பலின் சமையல்காரர்கள்கூடச் சின்னப் படகுகளில் கரைக்குப் போய்விட்டார்கள். அம்மா யாரையும் கேட்கவில்லை. நாலு பெண்களோடு சமையலறைக்குள் போய், அலையில் சரியாமலிருக்க அண்டாவைக் கயிற்றால் கட்டிக் கஞ்சி காய்ச்சினாள். மிளகாய் தூக்கல். வடநாட்டு மாலுமிகள் மூக்கைச் சிந்திக்கொண்டே இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார்கள்.

அதிகாரியிடம் ஹிந்தியில் மன்றாடினேன். நல்ல மனிதர், காதுகொடுத்துக் கேட்டார். ஆனால் உத்தரவின் பேரில் பணியமர்த்தப்பட்டவர்களைத்தான் எழுத முடியும் என்று, அம்மாவின் சமையலைப் பற்றி நான் சேர்த்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். எரிச்சலோடு அப்படியே தட்டச்சு செய்து கொடுத்தேன். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. விழாவுக்கு மட்டும் அழைத்துப் போனேன்.

மாலையில் கொடி இறக்குவதற்கு முன் வரலாற்றை வாசித்தார்கள். கட்சால் ஒரே வரியில் கடந்துபோனது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு வழக்கப்படி, இந்தக் கப்பலில் எப்போதாவது பணியாற்றியவர்கள் எழுந்து நிற்கலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நரைத்த மாலுமிகள் அங்கங்கே எழுந்தார்கள். அம்மாவும் எழுந்தாள்.

பதறிப்போய் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டாள். எழுந்தவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் வாங்கிக்கொண்டு வந்த மாலுமி அவள் முன் நின்றார். கப்பலில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார்.

“கானா பனாயா. தோ தின்.” சமைத்தேன், இரண்டு நாள் என்று நிதானமாகச் சொன்னாள்.

மாலுமி அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. சற்று யோசித்துவிட்டு, எழுதிக்கொள்ளும்படி தலையசைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா பேனாவைத் தானே கேட்டு வாங்கி, நரைத்த மாலுமிகளின் பெயர்களுக்குக் கீழே தன் பெயரைத் தமிழில் எழுதினாள்.