பச்சை மீனும் மூன்று சலூன்களும்

கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டி முடிக்கும்வரை அவர் வாயைத் திறக்க மாட்டார். சலூன்காரர் கத்தரியைக் கையில் எடுத்ததும், கண்ணாடியில் தெரியும் அந்த முகத்தைப் பார்த்துக் கேட்பார்: "உங்க ஊர்ல சுஷி எங்கங்க நல்லாருக்கும்?" தலையைக் கொடுத்தவனிடம் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அவர் கட்சி.

லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்று தருவது எங்கள் வேலை. ஊர் ஊராகப் போவோம். அவர் சோதிப்பார், நான் அறிக்கை எழுதுவேன். இரும்புக் கயிற்றின் தடிமனைக் கருவி வைத்து அளந்து, நம்பாமல் மறுபடி அளந்து, கடைசியில் கருவியையே சந்தேகப்பட்டு வேறு கருவி கேட்கிற மனிதர். கட்டடக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் மசிய மாட்டார். அதே மனிதர், சோற்றின்மேல் வேகாத மீனை வைத்துத் தரும் அந்த ஜப்பான் பண்டத்தை எங்கே தின்பது என்பதை மட்டும் முன்பின் தெரியாத ஒருவரின் வாய்ச்சொல்லில் விட்டுவிடுவார். அலுவலகத்தில் 'பச்சைமீன் சார்' என்றால்தான் அவரைத் தெரியும்.

ஃபோனில் பார்க்கலாமே என்று ஒருமுறை தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

"அதுல இருக்குற நட்சத்திரமெல்லாம் கடைக்காரனோட மச்சான் போட்டது சார். சலூனுக்குச் சமையல்காரனே முடி வெட்ட வருவான். உக்காந்திருக்குறப்ப அவன் கையில மீன் வாடை அடிச்சா அந்தக் கடை ஆகாதுன்னு சலூன்காரனுக்குத் தெரிஞ்சுடும். புது மீனுக்கு ஏது வாடை? இதை எந்த ஃபோன் மோந்து பாக்கும்?"

எந்த ஃபோனும் மோந்து பார்க்காதுதான். இந்த முறைக்கு ஒரே ஒரு குறை உண்டு. தலை நிறைய முடியோடு பயணம் கிளம்புகிறவர், நாலு ஊர் பார்த்துத் திரும்பும்போது பட்டாளத்தில் சேர்ந்தவர்போல வந்து இறங்குவார்.

இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடிக்கும் கடையில் பக்கத்தில் நான் இருந்தாலும் அவருக்கு அது தனிச் சாப்பாடுதான். "பச்சை மீனைத் தின்ன நான் என்ன கொக்கா?" என்று கல்யாணமான நாள் முதல் கேட்டுவருபவர் அவர் மனைவி. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டுச் சுவரோடு பேசிப் பேசி அலுத்து, இந்த முறை அந்த அம்மாள் எங்களோடு கிளம்பி வந்தார். ஒரு நிபந்தனை: "ஒரே ஒரு வாட்டி சாப்பிட்டுப் பாக்குறேன். நல்லா இல்லைன்னா ஜென்மத்துக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது."

"போச்சுன்னா போச்சு சார்," என்றார் அவர், லிஃப்ட் குழிக்குள் நின்றபடி. "சாகுற வரைக்கும் காலி நாற்காலியைப் பாத்துக்கிட்டேதான் சாப்பிடணும்." நைந்துபோன கயிற்றைப் பார்த்தபோதுகூட அவர் குரல் அப்படி இறங்கியதில்லை.

முதல் சலூன்காரர் முடியை வெட்டிவிட்டுப் பாலத்தருகே ஒரு கடையைச் சொன்னார். வேறு நாளாயிருந்தால் நேரே அங்கே போயிருப்பார். அன்று இன்னொரு சாட்சி வேண்டியிருந்தது. இரண்டாவது சலூனில் வெட்ட முடி இல்லாததால் தாடையை மழித்துக்கொண்டார்.

"பாலத்துக் கடையா? சோறு விறைச்சுக் கிடக்குமே! மார்க்கெட்டுக்குப் பின்னாடி மாடியில ஒண்ணு இருக்கு, அங்க போங்க."

அளவுகள் இரண்டும் ஒத்துவரவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு விதி இருக்கிறது: மூன்றாவது முறை அளக்க வேண்டும்.

மூன்றாவது சலூன்காரர் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். "சார், உங்ககிட்ட எடுக்குறதுக்கு என்ன இருக்கு?"

அவர் தன் மீசையைத் தொட்டுக் காட்டினார்.

பெஞ்சில் பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். "என்னங்க, புத்தி கெட்டுப் போச்சா? கல்யாண ஃபோட்டோவுல இருக்குற மீசைங்க அது!"

"முளைச்சுடும்."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னு கேள்விப்பட்டிருக்கேன் தம்பி. கூழுக்காக மீசையையே குடுக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

பாதி மீசை போன பிறகுதான் சலூன்காரர் அந்த இரண்டு கடைகளைப் பற்றி வாயைத் திறந்தார். "ரெண்டு கடையும் ஒரே முதலாளிதாங்க. மாடியில அவரே நின்னு செய்வாரு. பாலத்துக் கடையை மருமகன்கிட்ட விட்டுட்டாரு."

மீதி மீசையும் போனதும் மாடிக் கடைக்கே கிளம்பினோம்.

மாடிக் கடையில் ஒரு நீள மேடை, அதன் முன்னால் சில உயர ஸ்டூல்கள். ஒட்ட வெட்டிய தலையோடு முதலாளி, சிரிக்காமல் ஆளுக்கொன்று வைத்தார்: விரல் நீளத்துக்குப் பிடித்த சோறு, அதன்மேல் செக்கச்செவேலென்று ஒரு துண்டு மீன். எழுந்து ஓட வசதியாகக் கைப்பையை மடியிலேயே வைத்திருந்த மனைவி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். மருந்து விழுங்குகிறவர்போல வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெகுநேரம் மென்றார். கணவர் தன் துண்டைத் தொடவே இல்லை. எங்கள் சோதனைகளில், பாரம் ஏற்றிய லிஃப்ட் மெல்ல மேலே ஏறும்போது இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"பச்சைன்னு சொன்னாத்தான் தெரியுது," என்றார் மனைவி. பிறகு மடியிலிருந்த கைப்பையை எடுத்து, மேடைக்கு அடியில் இருந்த கொக்கியில் மாட்டினார்.

முதலாளி கையை நனைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்பதுபோல எங்களைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். பச்சைமீன் சார் மனைவியை மட்டும் பார்த்தபடி இரண்டு விரலைக் காட்டினார்.